அறுபது என்று சொன்னேன்

ஒரு பழுப்பு அட்டைப்பெட்டி. மேலே ஒட்டிய டேப் பிரிக்கப்படாமல் அப்படியே இருக்கிறது. அதன் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். நீல நிற யூனிஃபார்ம் சேலை, காலில் ரப்பர் செருப்பு, இரண்டு கைகளும் மடியில். அவரைச் சுற்றிக் கடையின் பெண்கள் அத்தனை பேரும் மாடிவாரியாக வரிசை கட்டி நிற்கிறார்கள். எதிரே மேனேஜர். மேனேஜருக்குப் பக்கத்தில், கையில் ஒரு காகிதத்தோடு நான். காலை ஒன்பதே முக்கால். பாதி ஏற்றிய ஷட்டருக்கு அடியில் வாடிக்கையாளர்களின் கால்கள் மட்டும் தெரிகின்றன. அந்தக் காலையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது அந்தக் கால்கள்தான். பெட்டியின் மேல் இருந்தவரின் முகத்துக்கு வந்துசேர இன்றைக்கும் கொஞ்ச நேரம் பிடிக்கிறது.

இதை எழுத வேண்டாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஒருவர் என் கணவர். பழைய கதை, யாருக்கு என்ன பிரயோஜனம் என்றார். இன்னொருத்தி அந்தக் கடையில் என்னோடு வேலை பார்த்தவள். "எழுதினா உன் தப்பும்தானே வெளிய வரும்?" என்று போனில் கேட்டாள். வரட்டும் என்றுதான் எழுதுகிறேன். அந்தப் பெட்டி மேல் உட்கார்ந்தவருடைய தைரியத்தை மட்டும் எழுதிவிட்டு என் கோழைத்தனத்தை விட்டுவிட்டால், அவர் எதை எதிர்த்து உட்கார்ந்தார் என்பதே யாருக்கும் புரியாது.

தாம்பரத்தில், ரயிலை விட்டு இறங்கினால் நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருந்தது அந்த ஐந்து மாடிக் கடை. குண்டூசி முதல் பட்டுப்புடவை வரை எல்லாம் விற்கும். நான் அங்கே ஸ்டாக் பிரிவின் பொறுப்பாளர். எந்தப் பொருள் எத்தனை வந்தது, எத்தனை விற்றது, எத்தனை மிச்சம் என்று பார்ப்பது என் வேலை. இரண்டாம் மாடியில் கண்ணாடித் தடுப்புக்குள் எனக்கு ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி. அந்தக் கடையில் நாற்காலி இருந்த பெண்கள் மூன்றே பேர், அதில் நான் ஒருத்தி. மற்றவர்கள் காலையிலிருந்து மாலை வரை நின்றார்கள். அப்போது எனக்கு அது உறுத்தியதே இல்லை. நான் படித்தவள், அதனால் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைக்கு அடியில், தரைக்குக் கீழே, குடோன். அங்கே சரக்கு இறக்கி வைக்கும் பொறுப்பு, பெட்டி மேல் உட்கார்ந்த அவருடையது. பெயர் எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. குடோன் அக்கா. என்னைவிட ஒரு வயது சின்னவர் என்று பிறகுதான் தெரிந்தது. நானும் அவரை அக்கா என்றுதான் மற்றவர்களிடம் குறிப்பிடுவேன். நேரில் எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டேன், வேலையை மட்டும் சொல்வேன். பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோவும் பஸ்ஸுமாக மாறி வருவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டுத்தான் வேலைக்கு வருவேன் என்று சேர்ந்த அன்றே சொல்லிவிட்டவர். அந்தக் கடையில் ஞாயிற்றுக்கிழமை தாமதமாக வர அனுமதி வாங்கிய ஒரே ஆள் அவர்தான். எப்படி வாங்கினீர்கள் என்று யாரோ கேட்டதற்கு, "எங்க வாங்கினேன்? சொன்னேன், அவ்ளோதான்" என்றாராம்.

லாரியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பெட்டியையும் அவர் பிரித்து எண்ணுவார். எண்ணி, மீண்டும் மூடி, பெட்டியின் பக்கவாட்டில் தடித்த மார்க்கரால் எண்ணைப் போடுவார். அவருடைய ஏழு எப்போதும் ஒன்றைப் போலவே இருக்கும். அதற்காக நான் சலித்துக்கொண்டதுண்டு. பிறகு தலைமை அலுவலகம் புது சாஃப்ட்வேர் கொண்டுவந்தது. பெட்டி மேல் ஒட்டியிருக்கும் பார்கோடை ஸ்கேன் செய்தால் போதும், உள்ளே எத்தனை இருக்கிறது என்பதை அதுவே சொல்லிவிடும். எந்த ரகம், பெட்டிக்கு எத்தனை என்று ஒருமுறை ஏற்றிவைக்க வேண்டியது மட்டும் என் வேலை. சரக்கின் பில் நேராகத் தலைமை அலுவலகத்துக்குப் போகும். எங்களிடம் வருவது பெட்டி மட்டும். இனிமேல் எண்ண வேண்டாம், நேரம் வீணாகிறது என்று குடோனுக்குப் போய்ச் சொன்னவள் நான்தான். அவர் ஸ்கேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பொட்டிக்குள்ள பாக்குமா மேடம்?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கிண்டலாகக் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

சில வாரம் கழித்துச் சாப்பாட்டு நேரத்தில் என் கண்ணாடித் தடுப்புக்கு வந்தார். "மேடம், லெகிங்ஸ்ல பெரிய சைஸு பொட்டி மட்டும் லேசா வருது. ஒருவாட்டி பிரிச்சுப் பாக்கட்டா?" துணி மெல்லிசாக வந்திருக்கும் என்றேன். "துணி அதே துணிதான் கீது" என்றார். எனக்கு அன்று வேறு வேலை இருந்தது. ஸ்கேன் செய்தால் போதும் என்று திரும்பவும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

தீபாவளிக்கு முன்பு நடந்த கணக்கெடுப்பில் முதல் மாடியில் லெகிங்ஸ் குறைந்தது. இருநூற்று நான்கு உருப்படி. கம்ப்யூட்டரில் இருக்கிறது, அலமாரியில் இல்லை. அறிக்கையை அச்சடித்து மேனேஜர் மேசையில் வைத்தவள் நான். அவர் அதைப் படித்துவிட்டு, "லெகிங்ஸ் தானா நடந்து போயிடுச்சா மேடம்?" என்று கேட்டார். மறுநாளிலிருந்து ஊழியர்கள் வெளியே போகும் வழியில், மாடிப்படிக்குப் பின்னால், ஒரு திரை தொங்கியது. பெண்கள் வேலை முடிந்தோ நடுவிலோ வெளியே போகும்போது பையைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும், டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டும், பிறகு திரைக்குப் பின்னால் போய் செக்யூரிட்டி அம்மாவின் கைக்கு உடம்பைக் கொடுக்க வேண்டும். ஆண்களுக்குப் பை மட்டும். எனக்கும் மேனேஜருக்கும் அதுவும் இல்லை. ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் அந்த வரிசையில் நின்று ரயிலை விட்டார்கள். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் நான் மாடியேறிப் போகும்போது பேச்சு நிற்கத் தொடங்கியது.

ஐந்தாவது நாள் மதியம், லெகிங்ஸ் பிரிவில் நிற்கும் பெண் அந்தத் திரைக்குப் பின்னால் பிடிபட்டாள். முடிச்சூரிலிருந்து வருபவள், ஒல்லியான உடம்பு, கல்யாணமாகி இரண்டு வருடம். அவள் அன்று யூனிஃபார்ம் சேலைக்கு அடியில் போட்டிருந்த கறுப்பு லெகிங்ஸின் இடுப்பு லேபிள், எங்கள் கடையில் விற்கும் அதே கம்பெனி லேபிள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கியது என்றாள். பில் எங்கே என்று மேனேஜர் கேட்டார். சந்தையில் யார் பில் தருகிறார்கள்? மேனேஜர் அறையில் இரண்டு மணி நேரம் அவளை நிற்க வைத்தார்கள். போலீஸ் என்ற சொல் நாலைந்து முறை வந்தது. கடைசியில் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, கடைப் பொருளை எடுத்தேன், மன்னிக்கவும் என்று எழுதச் சொன்னார்கள். அவளுடைய நாத்தனார் அதே கடையில் மூன்றாம் மாடியில் பாத்திரப் பிரிவில் வேலை பார்த்தாள். இந்தத் தாள் வெளியே வந்தால் அன்று இரவே அது அவள் புகுந்த வீட்டில் போய் நிற்கும். அவள் அழுதுகொண்டே எழுதினாள். சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டது நான்.

அன்று மாலை என் மேசையில் உட்கார்ந்து, தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய விவரத்தைத் தயார் செய்தேன். குறைந்த உருப்படிகளை சைஸ் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். இருநூற்று நான்கும் பெரிய சைஸ். சின்னதில் ஒன்றுகூடக் குறையவில்லை. மாடிக்கு அனுப்பி அங்கே பிரித்த பெரிய சைஸ் பெட்டிகள் எத்தனை என்று பார்த்தேன். பதினேழு. பெட்டிக்குப் பன்னிரண்டு வீதம் குறைந்தால் சரியாக இருநூற்று நான்கு. எந்தத் திருடியும் பெட்டிக்குப் பன்னிரண்டு என்று எண்ணித் திருட மாட்டாள். சின்ன சைஸுக்கு அறுபது என்று ஏற்றிய நான், அதே எண்ணை எல்லா சைஸுக்கும் இழுத்துவிட்டிருந்தேன். பெரிய சைஸ் பெட்டியில் நாற்பத்தெட்டுதான் வந்திருக்க வேண்டும். லேசாக வருது என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொன்னேன். யாரிடமும் சொல்லாமல் அந்த எண்ணைத் திருத்திவிட்டால் அடுத்த மாதம் குறை வராது, திரையும் தானாக விழுந்துவிடும் என்றுகூட யோசித்தேன். அந்தப் பெண்ணின் தாள் மேனேஜர் டிராயரில் கிடப்பதை மட்டும் யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். ஒரே மாலையில் பழகிவிட்டேன்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் அந்தத் தாளை எல்லோர் முன்னிலையிலும் படிப்பது என்று மேனேஜர் முடிவு செய்திருந்தார். படிக்க வேண்டியவள் நான். நான் வாயைத் திறப்பதற்குள் சரக்கு லிஃப்டின் கதவு திறந்தது. குடோன் அக்கா தள்ளுவண்டியில் ஒரே ஒரு பெட்டியை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். வரிசைகளுக்கு நடுவே இறக்கினார். அதன் மேல் உட்கார்ந்தார். கடைத் தளத்தில் ஒரு ஊழியர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"என்ன இது? யார் இதை மேல கொண்டுவரச் சொன்னது?" என்றார் மேனேஜர்.

"நான்தான் கொண்டாந்தேன் சார். லெகிங்ஸு, பெரிய சைஸு. ஒட்டு பிரிக்கல, பாத்துக்கோங்க. இத்தினி பேர் முன்னால பிரிச்சு எண்ணுங்க. அறுவது இருந்துச்சுன்னா, அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்தா மாதிரி நானும் எழுதிக் குடுக்கறேன், நான்தான் எடுத்தேன்னு. ஸ்டேஷனுக்குன்னாலும் வரேன்."

"முதல்ல எழுந்திரு."

"எண்ணுங்க. எழுந்துக்கறேன்."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் அந்தப் பெட்டியைப் பிரித்துப் பார்த்திருக்கவில்லை. உள்ளே எத்தனை இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. முந்தின நாள் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டிருக்கிறார். தினமும் பெட்டி தூக்கிய தன் கை சொன்னதை நம்பியிருக்கிறார். அதை மட்டும் வைத்துக்கொண்டு தன் வேலையையும் பெயரையும் அந்தப் பெட்டிக்கு மேல் வைத்துவிட்டார். அந்தத் தளத்தில் உண்மை முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் நான்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "மேடம், கஸ்டமர் நிக்கிறாங்க. பெட்டிக்கு எத்தனைன்னு சொல்லி இவங்களை அனுப்புங்க."

"அறுபது" என்றேன்.

வாய் சொல்லிவிட்டது. கம்ப்யூட்டரில் அப்படித்தானே இருக்கிறது, நான் பொய் சொல்லவில்லையே என்று மனசு உடனே ஒரு சமாதானத்தை நீட்டியது. குடோன் அக்கா என்னைப் பார்த்தார். அதுவரை மேடம் தவிர வேறு எதுவும் சொல்லி அவர் என்னைக் கூப்பிட்டதில்லை.

"இன்னாம்மா, நீ எண்ணுனியா?"

நான் மேனேஜரைப் பார்த்தேன்.

"கேக்கறேன்ல. நீ எண்ணுனியா?"

"இல்லை."

"பின்ன எப்டி சொல்ற? காணாமப் போனது பூரா பெரிய சைஸுன்னு மொத மாடில எல்லாரும் பேசிக்கினு கீறாங்க. இவ இடுப்பப் பாத்தியா நீ? அதுக்குள்ள இவள மாதிரி ரெண்டு பேரு பூந்துக்கலாம்."

யாரோ அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். மேனேஜர் குரலை உயர்த்தினார். சஸ்பெண்ட், டிஸ்மிஸ் என்று என்னென்னவோ சொன்னார். அப்போது பாத்திரப் பிரிவு வரிசையிலிருந்து அந்த நாத்தனார் வெளியே வந்தாள். அவள் அண்ணியைத் திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் நேராக வந்து பெட்டிக்குப் பக்கத்தில், வெறும் தரையில், சேலையை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "எண்ணிடுங்க மேடம். எண்ணாம வூட்டுக்குப் போய் நான் இன்னான்னு சொல்றது?" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் உட்கார்ந்தார்கள். பிறகு எத்தனை பேர் என்று நான் பார்க்கவில்லை. என் கையில் இருந்த தாளைப் பார்த்தேன். அதில் என் கையெழுத்து நன்றாக, தெளிவாக இருந்தது.

பில் போடும் மேசையில் டேப் வெட்டும் கத்தி இருந்தது. எடுத்துக்கொண்டு போனேன். அவர் எழுந்து இடம் விட்டார். டேப்பை வெட்டினேன். உள்ளே ஆறு ஆறாகப் பாலித்தீன் உறையில் போட்ட கட்டுகள். அறுபது என்றால் பத்துக் கட்டு இருக்க வேண்டும். நான் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைக்க, சுற்றி நின்ற பெண்களே சத்தமாக எண்ணினார்கள். எட்டாவது கட்டோடு பெட்டி காலி. குடோன் அக்கா அந்தக் காலிப் பெட்டியைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினார்.

"சிஸ்டம் மிஸ்டேக். சரி, எல்லாரும் செக்‌ஷனுக்குப் போங்க" என்றார் மேனேஜர். யாரும் நகரவில்லை. தள்ளுபடி அறிவிக்கும் மைக் என் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. எடுத்தேன். பெரிய சைஸ் பெட்டியில் நாற்பத்தெட்டு, அதை அறுபது என்று ஏற்றியது நான், எதுவும் திருட்டுப் போகவில்லை, இது நேற்றுச் சாயந்திரமே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். கடைசி வாக்கியத்தைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்று பிறகு பலர் சொன்னார்கள். அந்தக் காலையில் நான் செய்ததில் எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான்.

குடோன் அக்கா என்னைப் பாராட்டவில்லை. என் கையிலிருந்த தாளை வாங்கி அந்த ஒல்லிப் பெண்ணிடம் கொடுத்தார். அவள் அதைக் கிழிப்பாள் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவள் நாலாக மடித்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டாள். "இவங்க எழுதச் சொல்லி எழுதினது. என்கிட்ட இருக்கட்டும். நாளைக்கு யாராச்சும் இப்படி நடக்கவேயில்லைன்னு சொன்னா காட்டணும்" என்றாள். அதற்குப் பிறகுதான் ஷட்டர் ஏறியது.

திரை அடுத்த நாளும் தொங்கியது. அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு காலையில் எல்லாம் சரியாகிவிடுவதில்லை. அன்று மாலை வரிசையில் முதல் ஆளாக வந்து நின்ற குடோன் அக்கா, பையைத் திறக்க மறுத்துவிட்டார். "மேனேஜர் சாரு பையத் தொறந்து காட்டட்டும், அப்பால நான் தொறக்கறேன்." செக்யூரிட்டி அம்மா என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் என் கைப்பையைக் கவிழ்த்து மேசையில் கொட்டினேன். சீப்பு, குடை, பாதி சாப்பிட்ட பிஸ்கட் பொட்டலம் எல்லாம் விழுந்தன. மேனேஜர் அன்று வேறு வழியாகப் போய்விட்டார். அவர் காட்டாத வரை நாங்களும் காட்ட மாட்டோம் என்று வரிசை முழுக்க நின்றது. ஒரு வாரத்தில் திரையைக் கழற்றிவிட்டார்கள். கழற்றிய துணியைக் குடோன் அக்கா தரை துடைக்க வைத்துக்கொண்டார்.

அவரை வெளியேற்றப் பார்த்தார்கள். நீ வர வேண்டாம் என்று வாய்வழியாகச் சொன்னார்கள். "எழுத்துல குடு" என்றார். எதற்காக நிறுத்துகிறோம் என்று எழுத யாருக்கும் துணிச்சல் இல்லை, பெட்டி மேல் உட்கார்ந்தார் என்றா எழுதுவது? அவர் தினமும் வந்தார். வேலை தராமல் நிற்க வைத்தார்கள். அவர் பாட்டுக்குக் குடோனில் பெட்டிகளைப் பிரித்து எண்ணத் தொடங்கினார். யார் எண்ணச் சொன்னது என்று கேட்டதற்கு, "எண்றதுக்குமா பர்மிசன் வாங்கணும்?" என்றாராம். மூன்று மாதத்தில் அவருடைய மார்க்கர் எண்கள் திரும்பவும் அதிகாரபூர்வமாகிவிட்டன. என்னை மட்டும் கௌரவமாக ராஜினாமா செய்யச் சொன்னார்கள். நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் அளவுக்கு எனக்கு முதுகெலும்பு இல்லை.

இப்போது நான் சிறுசேரியில், கடைகளுக்கான ஸ்டாக் சாஃப்ட்வேர் செய்யும் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். குளிரூட்டிய அறை, சுழலும் நாற்காலி. எங்கள் திரையில் சரக்கு வரவு வைக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: கையால் எண்ணியது எத்தனை? அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. வேலை தாமதமாகிறது, அதை எடுத்துவிடுங்கள் என்று பெரிய பெரிய கடைக்காரர்கள் கேட்கிறார்கள். என் மேலதிகாரியும் மூன்று முறை கேட்டுவிட்டார். எடுக்க மாட்டேன் என்று மூன்று முறையும் சொன்னேன். காரணம் என்ன என்று கடைசித் தடவை எழுதிக் கேட்டார். எண்ணாமல் பேசிய ஒருத்தியை எனக்கு நன்றாகத் தெரியும் என்று பதில் எழுதினேன். கட்டம் இன்னும் இருக்கிறது. என்னை அனுப்பிவிட்டு எடுத்தாலும் எடுப்பார்கள். அதுவரை நான் எடுக்கப் போவதில்லை.

போன மாதம் குரோம்பேட்டையில், ஒரு மருந்துக்கடை வாசலில் அவரைப் பார்த்தேன். தலை பாதி நரைத்திருந்தது. கடையை விட்டு அவராகவே நின்று, இப்போது ஒரு ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கில் இருக்கிறாராம். "மாத்திர எண்றேன். துணிய விட இது சள்ள புடிச்ச வேல" என்றார். அந்த ஒல்லிப் பெண் இப்போது அதே தாம்பரம் கடையில் முதல் மாடி சூப்பர்வைசர் என்றும், பெண்கள் நிற்கும் இடத்திலெல்லாம் ஸ்டூல் போட வைத்திருக்கிறாள் என்றும் சொன்னார். நான் இத்தனை வருடம் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்ததை அப்போது சொன்னேன். அக்கா, அன்னிக்கு அறுபதுன்னு சொன்னதுக்கு என்னை மன்னிச்சுடுங்க.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதெல்லாம் மன்னிக்க மாட்டேம்மா. நீ தெரிஞ்சேதான சொன்ன?"

ஆமாம் என்றேன்.

"ஆனா அப்பால கத்திய எடுத்தது நீதான். அதையும் நான் மறக்கல." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு எதிர்ப்பக்க டீக்கடையைக் காட்டினார். "வா, டீ வாங்கிக் குடு. மன்னிக்கறதெல்லாம் இல்ல. டீ குடிக்கலாம்."

வண்டிகள் ஓயட்டும் என்று நான் நின்றேன். அவர் நிற்கவில்லை. வந்துகொண்டிருந்த பஸ்ஸுக்கு நேராகக் கையை நீட்டி நிறுத்திவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார்.